சொல்லாமல் மாற்றிய பாடு

பாட்டை மாற்றிக்கொண்டதை இளவழகன் வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் ஒருத்திதான். அவளும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் படுத்திருந்தாள். இருந்தும் சொல்லவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

பாடு என்றால் என்ன என்று பழவேற்காட்டு ஏரியில் வலை போடாதவர்களுக்குத் தெரியாது. முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடுகிற இடம் கொஞ்சம். குச்சி நட்டு வலை கட்டுகிற குடும்பங்கள் அதிகம். எல்லாரும் ஒரே நாளில் போய் நின்றால் மண்டை உடையும். ஆகவே முறை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார். அந்த முறைக்குப் பேர்தான் பாடு. முறை தவறிப் போய்க் குச்சி நட்டவனை ஊர் சும்மா விடாது. ஆனால் இரண்டு பேர் பேசிக்கொண்டு தங்களுக்குள் நாளை மாற்றிக்கொண்டால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

இளவழகன் பெண்டாட்டி அர்ச்சனா திருப்பாலைவனம் ரோட்டில் இறால் உரிக்கிற ஷெட்டுக்கு வேலைக்குப் போனாள். விடியுமுன் வேன் வரும். ஏறினால் திரும்ப சாயங்காலம். மகள் தர்ஷினிக்கு மூன்று வயது. தாத்தா பாட்டி என்று பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீடு. இரண்டு பேரும் போய்விட்டால் பிள்ளையை யார் பார்ப்பது? அர்ச்சனாதான் வழி கண்டுபிடித்தாள்.

"ஏரியில உனக்குப் பாடு இருக்கிற அன்னிக்கு வூட்டுப் பாடு எனக்கு. உனக்கு ஏரி இல்லாத நாள்ல வூட்டுப் பாடு உனக்கு. நான் வேனுக்குப் போறேன். சரியா?"

சரி என்றான். சரி என்று சொல்வதில் என்ன வந்தது, வாய்தானே. ஆனால் அதைச் செய்யவும் செய்தான், அதையும் சொல்ல வேண்டும். சோறு வடித்தான், பாத்திரம் கழுவினான், பிள்ளைக்குத் தலை சீவி இரட்டைச் சடை கூடப் போட்டான், ஒரு சடை காதுக்கு மேலும் ஒன்று காதுக்குக் கீழுமாக. எல்லாவற்றையும் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு செய்தான். பெண்டாட்டி புடவையைத் துவைத்தால் தன் லுங்கிக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டான். ஊருக்குத் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஊருக்கு எல்லாம் தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் டீக்கடையில் வேணு வந்து கேட்டான். "இளா, நாளன்னிக்கு உன் பாடு, நாளைக்கு என்னுது. என் தங்கச்சி பொண்ணுக்கு நாளைக்குக் காது குத்து, காட்டூர்ல. மாத்திக்கலாமா?"

இளவழகன் பதில் சொல்லுமுன் உலகநாதன் வாயை விட்டான். இவன் படகில் கூடத் துடுப்பு வலிக்கிற பெரியவர், தூரத்து உறவில் மாமன். நாக்கில் முள் இருக்கிற மனிதர்.

"அவன் எப்பிட்றா சொல்லுவான்? மேலிடத்துல கேட்டுகினு வந்துதான் சொல்லணும். நாளைக்கு அவனுக்கு சோறு பொங்கற பாடோ, பீத்துணி அலசற பாடோ, யார் கண்டா!"

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். டீ ஆற்றுகிறவன் கூடச் சிரித்தான்.

"நான் எவளையும் கேக்கத் தேவயில்ல மாமா," என்றான் இளவழகன். "மாத்திக்கினேன் போடா வேணு."

வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் போனான். நாளைக்கு நீ போகாதே, என்னுடையது ஏரி என்று. உள்ளே கால் வைத்ததுமே அர்ச்சனா பிடித்துக்கொண்டாள்.

"கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கி வச்சு எத்தினி நாளாவுது? இன்னமும் குச்சியச் சொருகித்தான் சாத்திகினு கீறோம். அது இழுத்தா வந்துடுது. புள்ள நடக்குது, ஓடுது. பின்னாடி ஏரி கீது. கண்ணுல படலியா?"

"என் நாள்ல புள்ளயப் பாத்துக்கிறேன் இல்ல? அது போதாதா?"

"பாத்துக்கிறியா? கட்டில்ல படுத்துகினு ஃபோனைப் பாத்துக்கிற. சோறு ஆக்கறது கணக்கு, தாழ்ப்பாள் அடிக்கறது கணக்குல வராதா? அது யார் பாடு? சொல்லு, ஏரிப் பாடா, வூட்டுப் பாடா?"

பதில் இல்லாத ஆண்பிள்ளை என்ன செய்வான்? சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். பாடு மாறியதைச் சொல்ல வேண்டியது மட்டும் மிச்சம் இருந்தது. நான் ஏன் முதலில் பேச வேண்டும் என்று கிடந்தான். காலையில் நான் இல்லாததைப் பார்த்தால் தெரிந்துகொள்ளட்டும், வேனுக்குப் போகாமல் நிற்பாள், என்று நினைத்துக்கொண்டான்.

இருட்டோடு எழுந்தான். அர்ச்சனாவும் பிள்ளையும் ஒரே போர்வைக்குள் தூங்கினார்கள். கொல்லைக் கதவைச் சத்தம் வராமல் திறந்து, வெளியில் இருந்து இழுத்து மூடினான். உள்ளே சொருகும் குச்சியை வெளியில் நின்றுகொண்டு சொருக முடியாதே. அதை அவன் யோசிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த படகை அவிழ்த்துக் கோல் போட்டுத் துறைக்குக் கொண்டுபோனான். உலகநாதன் தாமதமாக வந்தார். காத்திருந்தபோது ரோட்டில் வேன் ஹாரன் கேட்டது. டிரைவர் மற்றப் பெண்களுக்காக அடிக்கிறான் என்று நினைத்தான்.

குச்சி நட்டு, வலை கட்டி, நீர் வற்றுகிற இழுப்பில் இறால் விழத் தொடங்கியது. நல்ல பாடு. வெயில் ஏறியது. உலகநாதன் தூக்குவாளியைத் திறந்து பழைய சோற்றைப் பிசைந்தார்.

"இன்னிக்கு உன் வூட்டுக்காரி புள்ளய யார்கிட்ட வுட்டுட்டுப் போச்சு?"

"எங்க போச்சு?"

"வேலைக்குத்தான். நான் துறைக்கு வரும்போது வேன்ல ஏறிகினு இருந்துச்சே. தனியாத்தான் ஏறுச்சு." ஊறுகாயை நக்கிக்கொண்டார். "நான்தான் பாத்தேனே."

இளவழகனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு எழுந்து நின்றான்.

"சும்மா சொல்லாத மாமா."

"உன்கிட்ட இன்னாத்துக்குடா பொய்? பச்சைப் புடவை."

பச்சைப் புடவைதான். முந்தாநாள் இவனே துவைத்து மறைத்துக் காயப்போட்ட புடவை.

பிளாஸ்டிக் பைக்குள் இருந்த ஃபோனை எடுத்தான். விரல் ஈரத்தில் திரை கேட்கவில்லை. லுங்கியில் துடைத்துத் துடைத்து அழுத்தினான். ஸ்விட்ச் ஆஃப். ஷெட்டில் வாசலிலேயே ஃபோனை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள், அவனுக்கே தெரியும். இருந்தும் மறுபடி அழுத்தினான். அடுத்த வீட்டு ருக்கு அக்காவுக்குப் போட்டான். மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. ருக்கு இந்நேரம் ஏலத்தில் மீன் கூடைக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருப்பாள். அந்தச் சந்தடியில் இடி விழுந்தாலும் கேட்காது.

"மாமா, வலைய அவுரு. போவணும்."

"நீர் ஓடிகினு கீது. இப்ப அவுத்தா அத்தினியும் போச்சு. பாதியில வுட்டவனுக்கு அடுத்த பாடு கிடையாது, தெரியுமில்ல?"

"புள்ள தனியா கீது மாமா."

"எங்கியாவது வுட்டுட்டுத்தான் போயிருக்கும்டா. பெத்தவ அம்மாம் புத்தி இல்லாமலா போவா?"

அந்தப் பேச்சில் ஒரு மூச்சு விடுகிற நேரம் இளவழகன் நம்பினான். நம்ப ஆசையாக இருந்தது. வலையைப் பார்த்தான். கனத்துத் தொங்கிய வலை. அந்த ஒரு மூச்சு நேரத்துக்காக அவன் பிறகு தன்னையே வெறுத்தான். அர்ச்சனா எங்கும் விட்டுவிட்டுப் போயிருக்கமாட்டாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இன்றைக்கு வீட்டுப் பாடு அவனுடையது என்று நம்பிப் போயிருக்கிறாள். கொல்லைப்பக்கம் ஒதுங்கப் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்று போயிருக்கிறாள். தினமும் அப்படித்தானே நடக்கும்.

மோட்டாரைத் தண்ணீரில் இறக்கினான். அடியில் சேறு. நீர் வற்றி ஏரி முதுகு காட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் சேற்றைக் கக்கி நின்றுபோனது. ஆழமுள்ள ஓடைவழியே சுற்றிக்கொண்டு போனால் நேரம் ஆகும். குறுக்கே பார்த்தால் வீடுகள் தெரிந்தன, தீப்பெட்டி மாதிரி.

குதித்தான்.

"டேய், திருக்கை மீனு கிடக்கும்டா, முள்ளு ஏத்திடும்! காலைத் தேச்சுத் தேச்சு நட!" என்று உலகநாதன் கத்தியது பின்னால் கேட்டது.

தேய்த்து நடக்க அவனுக்குப் பொறுமை எங்கே? இடுப்பு வரை தண்ணீர், முழங்கால் வரை சேறு. ஒரு காலைப் பிடுங்கினால் மறு கால் போகும். ஏதோ குத்தியது, சிப்பியோ முள்ளோ, நின்று பார்க்கவில்லை. மனசு மட்டும் முன்னால் ஓடி வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. நுழைந்து என்னென்னவோ பார்த்தது. குளியல் இடத்தில் நீல டிரம். அதன் பக்கத்தில் இவனே போட்டு வைத்த முக்காலி. பிள்ளை அதில் ஏறி நின்று தண்ணீரைத் தட்டி விளையாடும். கேஸ் அடுப்பின் திருகு அதன் கைக்கு எட்டும். மீன் அரியும் அருவாமனை சுவரில் சாய்த்துதான் இருக்கும். தன் வீட்டுப் பாடு நாட்களில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் படுத்துக் கிடந்தான். ஒன்றுகூட அப்போது பயமாகத் தெரியவில்லை. இப்போது அந்த வீட்டில் பிள்ளையைக் கொல்லாத பொருள் ஒன்றுகூட இல்லை என்று தோன்றியது.

கடைசியில்தான் கொல்லைக் கதவு ஞாபகத்துக்கு வந்தது. சும்மா இழுத்து மூடிவிட்டு வந்த கதவு. ஏரிக்கு நடுவில் நின்று, "ஐயோ" என்று சத்தமாகச் சொன்னான். கேட்க நாரைகள்தான் இருந்தன.

வீட்டுக்குப் பின்னால் கரையோரம் முழுக்கப் புதைசேறு என்பதால் துறையில் ஏறி, தெருவழியே ஓடி, வீட்டை வாசல் பக்கமாகப் போய்ச் சேர்ந்தான். வாசல் கதவு வெளியே கொக்கி போட்டிருந்தது. பிள்ளை தெருவுக்கு ஓடிவிடாமல் இருக்க அர்ச்சனா போட்டது. கொக்கியைத் தட்டி உள்ளே பாய்ந்தான்.

"தர்ஷி!"

போர்வை கிடந்தது. பால் டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவினான். தண்ணீர்தான். மறுபடி துழாவினான். கட்டிலுக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால், எங்கும் இல்லை. கொல்லைக் கதவு பிள்ளை நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது.

வெளியே ஈர மண்ணில் சின்னச் சின்னப் பாதங்கள். நேராகப் போயிருந்தன. எங்கும் நின்று விளையாடின தடமில்லை. தினமும் படகு கட்டுகிற குச்சியைப் பார்த்துத்தான் போயிருந்தன. நைனாவைத் தேடினால் பிள்ளை வேறெங்கே போகும்? படகு இருக்கிற இடத்தில் நைனா இருப்பான். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது.

கரை முடிந்து சேறு தொடங்குகிற இடத்தில் பாதங்கள் குழிகளாயின. குழிகள் ஆழமாயின. அங்கே, குச்சியைப் பிடித்துக்கொண்டு, தொடைக்கு மேல் சேற்றில் புதைந்து பிள்ளை நின்றுகொண்டிருந்தது. அழவில்லை. அழுது முடித்திருக்க வேண்டும். வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. வற்றின நீர் திரும்ப ஏறுகிற ஏற்றம் தொடங்கிவிட்டிருந்தது. தண்ணீர் ஒரு விரல் கனத்தில் சேற்றின் மேல் ஊர்ந்து வந்து அதன் வயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஓடிப் போய்த் தூக்க முடியாது. அந்த இடத்துச் சேறு அவனுக்குத் தெரியும். நின்று போனால் இடுப்பு வரை இழுக்கும். அவனும் புதைந்து, அவன் மிதித்த மிதியில் பிள்ளை இன்னும் கீழே போகும். வயிற்றைக் கீழே வைத்துப் படுத்தான். பல்லி மாதிரி கையையும் காலையும் விரித்து, முழங்கையால் ஊன்றி ஊன்றி நகர்ந்தான். கத்தக் கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டான். கத்தினால் பிள்ளை கையை விட்டுவிட்டு இவனைப் பார்த்து வரப் பார்க்கும்.

"கண்ணு, குச்சியப் புடிச்சிக்க. நைனா வரேன். நைனாவப் பாரு. வுடாத."

பிள்ளை இவனைப் பார்த்தது. முகமெல்லாம் சேறு, இது யார் என்று தெரியாத பார்வை. அந்தப் பார்வையில் இவனுக்கு உயிர் போனது. பக்கத்தில் வந்து, அதன் தொடையைச் சுற்றி விரல்களால் சேற்றைத் தோண்டினான். தோண்டத் தோண்டத் தண்ணீர் வந்து நிரப்பியது. இழுத்தால் கால் வலித்து அது முதல் முறையாகச் சத்தம் போட்டது. அந்தச் சத்தம்தான் அவனுக்குத் தெம்பு கொடுத்தது. ஒரு காலை விடுவித்தான். அடுத்த காலை விடுவிக்குமுன் தண்ணீர் அதன் மார்புக்கு வந்துவிட்டது. கடைசியாகச் சேறு சத்தத்தோடு காலை விட்டது. பிள்ளையை முதுகில் போட்டு, கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, வந்த மாதிரியே ஊர்ந்து கரைக்கு வந்தான்.

கரையில் ருக்கு கூடையோடு நின்றிருந்தாள். எப்போதும் கூப்பிடாதவன் கூப்பிட்டிருக்கிறானே என்று ஃபோனில் இவன் நம்பரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தவள். சேற்றில் பிள்ளையைப் பார்த்ததுமே வேன் ஓட்டுகிற விமலுக்கும் ஃபோன் போட்டுவிட்டிருந்தாள். கூடையைக் கீழே போட்டாள், வாயில் அடித்துக்கொண்டாள், அப்புறம் ஆரம்பித்தாள்.

"வேலைக்குப் போற திமிரு! பெத்த புள்ளய ஏரியில எறிஞ்சிட்டு இறால் உரிக்கப் போயிட்டாளே பாவி! வரட்டும் அவ!"

நாலு வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஆண்கள் வந்தார்கள். ஓடை சுற்றிப் படகைக் கொண்டுவந்த உலகநாதனும் வந்து சேர்ந்தார். எல்லார் வாயிலும் அர்ச்சனா பேர்தான். ஊர் அப்படித்தான். ஆள் எதிரில் இல்லாவிட்டால் அவள்தான் குற்றவாளி. இளவழகன் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி முழுக்க அவள் தலையில் போய்விடும். அது அவனுக்கும் தெரிந்தது.

வேன் வந்து நின்றது. அர்ச்சனா தலையில் ஷெட்டில் மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பியோடு ஓடி வந்தாள். செருப்பு இல்லை. ருக்கு அவள் முடியைப் பிடிக்கக் கையை ஓங்கினாள்.

"அக்கா, அவ மேல கை வெக்காத," என்றான் இளவழகன். "பாட்டை மாத்தினது நான். வேணுகிட்ட மாத்திகினு அவகிட்ட சொல்லல. கதவுக்குக் குச்சி சொருகாம போனதும் நான்தான்."

"எப்பிட்றா சொல்லாம போவ?" என்று ருக்கு இவன் பக்கம் திரும்பினாள்.

"டீக்கடையில பெரிய ஆம்பளயா பேசினேன். வந்து சொன்னா அவளக் கேட்டுகினு போற மாதிரி ஆயிடும்னு சொல்லல."

உலகநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிள்ளையின் காலில் சேறு ஏறியிருந்த உயரம் கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டார். அந்த மனிதர் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. ருக்கு கடைசியாகக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அர்ச்சனா அவனை அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"கொல்லைப்பக்கம் பாத்து நான் போறேன்னு கத்தினேன்," என்றாள். "பதில் வரல. நீ அங்க இல்லியோன்னு ஒரு நிமிசம் தோணுச்சு. எட்டிப் பாத்திருக்கலாம். இவன்கிட்ட நான் இன்னாத்துக்குப் போய் நிக்கணும்னு வேன்ல ஏறிட்டேன். ஒரு எட்டு வெச்சிருந்தா பாத்திருப்பேன்யா. ஒரு எட்டு."

இரண்டு பேரும் ஒரே இரவில் ஒரே வீட்டில் முறைத்துக்கொண்டு கிடந்தது அவன் கண்ணில் வந்தது. நடுவில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"குடு," என்று கையை நீட்டினாள்.

கொடுக்கத்தான் நினைத்தான். விரல்கள் விரியவில்லை. சேற்றில் தோண்டின விரல்கள், நகம் பெயர்ந்து ரத்தம் கசிந்தது. பிள்ளையின் சட்டையைப் பிடித்தபடி அப்படியே மடங்கி நின்றுவிட்டன. அர்ச்சனா ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று மூடிக்கொண்டது. விட்டுவிட்டு, நகர்ந்து வந்து அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, பிள்ளையின் ஒரு பாதத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். பிள்ளை அவள் பிளாஸ்டிக் தொப்பியைப் பிடித்து இழுத்தது.

ரோட்டில் விமல் ஹாரன் அடித்தான், வருகிறாயா என்று கேட்பதற்கு. இரண்டு தரம் அடித்துப் பார்த்துவிட்டு வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அவர்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றம் நிதானமாக வந்தது. ஊர்ந்து வந்த தடத்தை அழித்தது. சின்னக் குழிகளை ஒவ்வொன்றாக நிரப்பியது. பிள்ளை நின்ற இடத்தில் தண்ணீர் அதன் தலை உயரத்துக்கு மேல் வந்து, குச்சியில் இன்னும் ஒரு கை ஏறியது. இரண்டு பேரும் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.